ஹவில்தார் ஏகாம்பரத்தின் வலது கால்

எங்கள் கம்பெனி மறுபடியும் மலைக்காட்டில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள் செய்யப் போகிறதாம். மார்க்கெட்டிங்கில் இருந்து ஒரு சென்னைப் பெண் போன் செய்தாள். "அங்கிள், நம்ம ஆஃப்ரோடு ஹெரிடேஜ் பத்தி நீங்க ரெண்டு நிமிஷம் பேசணும். வீட்டுக்கே கேமரா கொண்டு வர்றோம்" என்றாள். ரிட்டயர் ஆகி புனேயில், நிக்டி பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன ஜோலி? வாம்மா என்றேன்.

வந்தாள். "அந்த டூ-ஸ்ட்ரோக் எண்டூரோ ஏன் அங்கிள் ஷோரூமுக்கே வரல?" என்று கேட்டாள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பதில் சொன்னேன். பிறகு அனுப்பிய வீடியோவைப் பார்த்தால், நான் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பது மட்டும் இருக்கிறது. பின்னணியில் கிடார் வேறு. சொன்ன பதில் எங்கே போனதோ தெரியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், இரண்டு ஒர்க்‌ஷாப்பில் அடியும் திட்டும் வாங்கித் தொழில் கற்றேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்மேட்டில் பைக் ரேஸ் விடும் பையன்களுக்கு எஞ்சின் பிரித்து மாட்டிக் கொடுத்தேன். அந்தப் பழக்கத்தில்தான் புனே கம்பெனியில் வேலை கிடைத்தது. இந்தி தெரியாது, மராட்டி தெரியாது. முதலில் கற்றுக்கொண்டவை வசவுகள். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிட்டது.

வெளியே எங்கள் கம்பெனிக்குப் பெயர் ஸ்கூட்டரில்தான். வாத்தியார்களும் பேங்க் குமாஸ்தாக்களும் வாங்குகிற சாதுவான வண்டிகள். ஆனால் ஃபாக்டரியின் பின்பக்கம், கேன்டீனைத் தாண்டி, தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில்தான் ரேஸ் செக்ஷன். எங்கள் ரோட்டு வண்டியையே எடுத்து, லைட்டைக் கழற்றி, ஃபுட்ரெஸ்ட்டை உயர்த்தி, முள் டயர் மாட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் புழுதியில் விடுவார்கள். கோப்பைகள் அலமாரியில் இடமில்லாமல் தரையில் கிடக்கும். ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் அதில் போல்ட் நட் போட்டு வைத்திருந்தார். அந்தப் பெண் கேட்ட ஹெரிடேஜ் அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், அந்தக் கொட்டகையில் இருந்து ஒரு புது வண்டி பிறந்தது. எண்டூரோ. ரேஸ் வண்டி வட்டப் பாதையில் சுற்றும். இது பாதையே இல்லாத இடத்தில் நாள் முழுக்கப் போக வேண்டும். கல், ஓடை, செங்குத்து மேடு எல்லாவற்றிலும் போகும். ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் டெம்போவில் ஏற்றிவிடலாம், அவ்வளவு லேசு. லேசாக்குவதற்காக எதையெல்லாம் எடுக்க முடியுமோ அதையெல்லாம் எடுத்தோம். ரோட்டு வண்டியில் ஆயிலுக்குத் தனி டாங்க், அதைத் தள்ள ஒரு பம்ப் இருக்கும். அதுவும் எடைதானே என்று கழற்றினோம். ரேஸ் வண்டியில் செய்வதுபோல ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினோம். யாருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. எனக்கும் இல்லை.

செக்ஷன் தலைவர் கானிட்கர் சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கடைநிலைப் பையனைக்கூட மரியாதையாகத்தான் கூப்பிடுவார். சர்க்கரை இல்லாத டீ. சட்டைப் பையில் எப்போதும் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று மடித்திருக்கும். எஞ்சின் பிரிக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். நாம் கெரசின் டப்பாவைப் பார்த்துக் கை நீட்டினால் போதும், "துவூ நகா" என்பார். கழுவாதீர்கள் என்று மராட்டியில் அர்த்தம். "அழுக்குலதாங்க விஷயம் இருக்கு. நீங்க முதல்ல அதைக் கழுவிட்டு அப்புறம் எங்கிட்ட காரணம் கேக்கறீங்க." ஓடுகிற வண்டியைச் சோதிக்கும்போது முதுகைக் காட்டி நிற்பார். கண்ணால் பார்த்தால் காது வேலை செய்யாது என்பது அவர் கொள்கை. புதிதாக வந்தவர்கள் சார் கோபித்துக்கொண்டார் என்று நினைத்துப் பயந்து போவார்கள்.

அந்த வண்டியை ராணுவம் வாங்கும் என்ற பேச்சு வந்தது. எல்லைப் பகுதியில் செய்தி கொண்டு போகிறவர்களுக்கு லேசான வண்டி வேண்டும். அந்த ஆர்டர் வந்தால் செக்ஷன் பிழைக்கும், வராவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அது போதாதென்று, புகை அதிகம் என்று டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிராகச் சட்டங்கள் வரப்போகின்றன என்று வேறு பேச்சு. ஆகவே சோதனைக்கென்று கொடுத்த வண்டிகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

புனேக்கு வெளியே, தளேகாவுக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் சோதனை. ராணுவம் அனுப்பிய ஆட்களில் ஹவில்தார் ஏகாம்பரம் ஒருவர். வேலூர்ப் பக்கம். ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தரும் உஸ்தாத். நான் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்ததும் முதல் நாளே கேட்டார்: "இன்னாங்க, புளிக்கொழம்பு கெடைக்குமா இந்த ஊர்ல?" நான் வீட்டில் இருந்து டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழம்பு நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு, "கொஞ்சம் தித்திப்பா கீது, கோயமுத்தூர்க் கொழம்பா?" என்றும் கேட்டார். அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பாடப்புத்தகத்தில் படம் போடலாம்.

கடைசிக்கு முந்தைய நாள் அவர் விழுந்தார். நீளமான இறக்கத்தின் அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. வண்டி பக்கவாட்டில் சறுக்கி அவரைக் கற்குவியலில் தூக்கிப் போட்டது. காறை எலும்பு முறிந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். கிக்கரை மிதித்தால் அசையவில்லை. எஞ்சின் ஜாம்.

இரண்டு நாள் கழித்து மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தோடு சேர்த்துக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தார்.

"வலிக்குதுங்களா?" என்றேன்.

"வலி கெடக்கட்டும். எம் மேல தப்புங்க. பின் பிரேக்கை மெதிச்சிட்டேன்."

"மிதிச்சது ஞாபகம் இருக்குங்களா?"

"இல்ல. அதாங்க பயமா கீது. மெதிச்சதே தெரியல. ஆனா மெதிக்காம சக்கரம் எப்படிப் பூட்டும்? நான் எத்தினி பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், எறக்கத்துல காலை பெடல் மேல வெக்காதேன்னு. எங்காலு எனக்குத் தெரியாம வேலை செய்யுதுன்னா நான் இன்னா உஸ்தாத்?" போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராணுவ விசாரணையிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தவறு தன்னுடையது என்று முடிவானால் அடுத்த பதவி போய்விடும். உஸ்தாத் வேலையும் போகும். அதைவிட அவர் கால் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஃபாக்டரியில் ஒரே சந்தோஷம். விற்பனைப் பிரிவுத் தலைவர் எங்கள் கொட்டகைக்கு நேரிலேயே வந்துவிட்டார். அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. "ஓட்டினவரே ஒத்துக்கிட்டார். வண்டி கீழே விழுந்த பிறகு, ஆக்ஸிலேட்டர் சிக்கி எஞ்சின் அலறி ஜாம் ஆகியிருக்கும். விஷயம் முடிஞ்சது" என்றார்.

கானிட்கர் சார் டீயைக் குடித்து முடித்தார். "விழுந்ததால ஜாம் ஆச்சா, ஜாம் ஆனதால விழுந்தாரா, அது எஞ்சினைக் கேட்டாத்தான் தெரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ரங்கா, பிரிக்கலாம்" என்றார்.

ஜாம் ஆன எஞ்சினைப் பிரிப்பதில் அவசரம் கூடாது. கிக்கரை ஏறி மிதித்து விடுவிக்கப் பார்ப்பவன் சாட்சியைக் கொலை செய்கிறான் என்பார் சார். முதலில் டாங்க்கில் இருந்த பெட்ரோலைப் பாட்டிலில் எடுத்து மூடினோம். ஆயில் சரியான அளவில்தான் கலந்திருந்தது. அடுத்து ஸ்பார்க் பிளக். ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்து அலறிய எஞ்சின் என்றால் பிளக்கின் முனை வெளுத்துப் போயிருக்கும். இது கருப்பாக இருந்தது. சார் அதை வெள்ளைக் கைக்குட்டையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஹெட் நட்டுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஹெட் வந்துவிட்டது. சிலிண்டர் வரவில்லை. சுற்றிலும் மெல்லிய ஆயில் விட்டு, மரச்சுத்தியால் நோகாமல் தட்டி, டீ நேரம் வரை விட்டுவைத்துத்தான் உருவினேன். பிஸ்டனில் கீறல் இருந்தது. புகை வெளியேறும் பக்கம் சுத்தம். பெட்ரோல் உள்ளே வரும் கார்புரேட்டர் பக்கம் மட்டும் உலோகம் வழிந்து ஒட்டியிருந்தது. சூட்டில் ஜாம் ஆனால் கீறல் புகைப் பக்கம் விழும். இந்தப் பக்கம் விழுந்தால் ஆயில் போகவில்லை என்று அர்த்தம். பின் பிரேக்கையும் திறந்தோம். லைனிங்கில் அழுத்தி மிதித்த பளபளப்போ கருகலோ இல்லை.

"ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது, ஆயில் இல்லாம ஜாம் ஆகியிருக்கு. ஓடிக்கிட்டிருக்கும்போதே. அப்புறம்தான் விழுந்திருக்கார்" என்றார் சார்.

"பெட்ரோல்ல ஆயில் சரியா இருக்குதுங்களே சார். நம்ம சந்தோஷ் ஒரு வருஷமா இதே இறக்கத்துல இறங்கறான். ஒரு வாட்டிகூட ஜாம் ஆகலையே" என்றேன். சந்தோஷ் எங்கள் டெஸ்ட் ரைடர். சின்ன வயதில் இருந்தே மண் ரேஸில் ஊறியவன்.

"அதான் எனக்கும் புரியல" என்றார். புரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அதே மலைக்குப் போனோம். அடிவாரத்தில் சார் வழக்கம்போல மலைக்கு முதுகைக் காட்டி நின்றார். சந்தோஷ் இன்னொரு வண்டியில் மேலே இருந்து இறங்கினான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எத்தனையோ முறை கேட்ட அதே சத்தம்தான். சார் திரும்பினார்.

"சந்தோஷ், இறங்கும்போது ஏன் ஆக்ஸிலேட்டரைத் திருகறீங்க?"

"திருகல சார். மூடித்தான் வெச்சிருந்தேன்."

"மறுபடி ஒரு தடவை."

மறுபடி இறங்கினான். இந்த முறை நானும் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் காதில் விழுந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டே வரும், நடுநடுவே ஒரு சின்ன விர்ர், மறுபடி உறுமல், மறுபடி விர்ர். மணிக்கட்டை லேசாகத் திருகி விடுகிறான். கேட்டால் திருகவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். பொய் சொல்கிற பையன் இல்லை அவன். அவனுக்கே தெரியாது.

சார் என்னிடம் ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றச் சொன்னார். இப்போது திருகினாலும் திறக்காது. வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போய், மேட்டில் இருந்து கியரில் இறங்கி வர வேண்டும். "கிளட்ச் மேல விரல் இருக்கட்டும். கொஞ்சம் பிடிக்கற மாதிரி தெரிஞ்சாலும் அமுக்கிடுங்க" என்று சந்தோஷிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சந்தோஷ் இறங்கினான். கிட்டத்தட்ட ஏகாம்பரம் விழுந்த இடத்திலேயே எஞ்சின் முனகியது. கிளட்சை அமுக்கி, வண்டியை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

காரணம் ரொம்பச் சின்னது. பெட்ரோலோடு கலந்துதான் ஆயில் உள்ளே போகிறது. ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் நிற்கும்; பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கும். ஆனால் கியரில் இறங்குவதால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீளமான இறக்கத்தில் பிஸ்டன் வறண்டு சிக்கிக்கொள்ளும்; அதோடு பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். ரோட்டு வண்டியில் இந்தப் பிரச்சினை இல்லை. எஞ்சின் சுற்றினால் பம்பும் சுற்றும். நாங்கள்தான் பம்பைக் கழற்றிவிட்டோமே. ரேஸ்காரர்கள் இறங்கும்போது நடுநடுவே ஒரு திருகு திருகி, பிஸ்டனுக்கு ஒரு வாய் ஆயில் ஊட்டிவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பெரியவன் மணிக்கட்டைப் பார்த்துச் சின்னவன் மணிக்கட்டும் பழகிவிடும். எங்கள் கொட்டகையில் இருந்த எல்லோர் கையிலும் அந்தத் திருகு இருந்தது. அதனால் யாருக்கும் அது தெரியவில்லை, ராணுவத்துக்குச் சொல்லவும் தோன்றவில்லை.

ராணுவப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பது வேறு. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடு, கியரில் இறங்கு, கையை அசைக்காதே. மற்ற ஜவான்கள் பயத்தில் கிளட்சைப் பிடித்தார்கள், கொஞ்சம் திருகினார்கள், தப்பித்தார்கள். ஏகாம்பரம் ஒருவர்தான் சொன்னது சொன்னபடி, மேலிருந்து கீழ் வரை மூடிய கையை அசைக்காமல் இறங்கினார். எல்லோரையும்விடச் சரியாக ஓட்டியதால்தான் அந்த மனிதர் விழுந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

விற்பனைத் தலைவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நல்லது கானிட்கர். அடுத்த வண்டிகள்ல பம்ப் வெச்சிடுங்க. ஆனா இதை இப்ப ராணுவத்துக்கிட்ட சொல்லணும்னு என்ன அவசியம்? அந்த ஆளே தன் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டான். நாம ஒண்ணும் பொய் சொல்லலையே. சும்மா இருந்தாப் போதும்."

"அவர் பிரேக்கை மிதிக்கல" என்றார் சார்.

"உங்க ஆளுங்க வேலையைப் பத்தி யோசிங்க. கொட்டகையில இருக்கற எல்லாரையும் பத்தி."

சார் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. என் வேலையும் அதில்தான் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் பார்த்த பாதத்தை நினைத்துக்கொண்டேன். "போலாங் சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அர்த்தம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எழுந்தார்.

சோதனைக்குப் பொறுப்பாக இருந்த கர்னலிடம் நாங்கள் இருவரும் போனோம். சார் கைக்குட்டையைப் பிரித்து, கழுவாத பிஸ்டனை மேஜை மேல் வைத்தார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கர்னல் பொறுமையாகக் கேட்டார், பிஸ்டனை எடுத்துப் பார்த்தார், விசாரணையைத் திருத்தி எழுதச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். நன்றியும் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஆளுங்க அவங்களுக்கே தெரியாம வேற என்னெல்லாம் செய்யறாங்க, மிஸ்டர் கானிட்கர்?"

சார் மழுப்பவில்லை. "தெரியாது சார்" என்றார்.

"அப்ப இந்த வண்டியை என் ஜவான்கிட்ட நான் எப்படிக் குடுக்கறது?"

கேள்வியில் தப்புச் சொல்ல முடியாது. பம்ப் வைத்துத் தருகிறோம் என்றோம், பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை. ஆர்டர் வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். கானிட்கர் சாரை ஸ்பேர் பார்ட்ஸ் குடோனுக்கு அனுப்பினார்கள். அங்கே பிரிப்பதற்கு எஞ்சினே கிடையாது, எல்லாம் அட்டைப்பெட்டிதான். எனக்கு ஸ்கூட்டர் அசெம்பிளி லைன். சந்தோஷ் வேலையை விட்டுவிட்டுக் கார் டிரைவராகப் போனான். எங்கள் ஆட்களில் சிலர் சாரோடு கடைசி வரை பேசவே இல்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. குழந்தை குட்டிகள் இருந்தவர்கள். அம்மணி, வண்டி ஏன் ஷோரூமுக்கு வரவில்லை என்று கேட்டாயே, இதுதான்.

கொட்டகை மூடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வானவடியில் இருந்த ராணுவக் குடியிருப்புக்குப் போனேன். ஏகாம்பரத்தின் தோள் ஆறிவிட்டது. விசாரணை முடிவு கையில் வந்திருந்தது. அவர் மேல் தவறில்லை என்று தீர்ப்பு. பதவியும் வந்துவிடும் என்றார். ஆனாலும் முகத்தில் தெளிவில்லை.

"பிஸ்டன், ஆயில்னு எல்லாம் படிச்சேங்க. புரியுது. ஆனா எம் மேல எரக்கப்பட்டு அப்படி எழுதிட்டாங்க போலன்னுதான் தோணுது" என்றார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் இந்த மனுசன் சைக்கிள்லகூட ஏறல. பசங்கள இஸ்கூலுக்கு நாந்தான் நடத்திக் கூட்டிகினு போறேன். அங்க அந்த ஸ்கூட்டரு தூசி படிஞ்சு கெடக்குது."

"நாந்தானுங்க அந்த பிரேக்கைத் திறந்து பார்த்தேன்" என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். "இந்தக் கையாலதான் பிரிச்சேன். லைனிங் புதுசாட்டம் இருந்துச்சு. யாருங்க பொய் சொல்றது? உங்க நல்லதுக்குன்னு கானிட்கர் சார் பொய் எழுதுனார்னா, குடோன்ல போயி உக்கோந்திருப்பாரா? எங்க செக்‌ஷனையே மூடிப்போட்டாங்க."

அவருக்கு அது தெரியாது. "மூடிட்டாங்களா?" என்றார்.

நான் கிளம்பியபோது அவர் மனைவி சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் உட்டுட்டு வாங்க" என்றார். அவர் சாவியையும் என்னையும் பார்த்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மெதுவாகத்தான் ஓட்டினார். இரண்டு திருப்பங்களிலும் கை பிரேக்கை மட்டும் பிடித்தார். வலது கால் பெடலுக்கு மேலே, தொடாமல் அந்தரத்திலேயே நின்றது. பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தேன். கடைத்தெருவுக்கு இறங்குகிற சரிவில், முன்னால் போன டெம்போ சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. கால் இறங்கியது. ஸ்கூட்டர் அலுங்காமல் நேராக நின்றது.

"மெதிச்சது தெரிஞ்சுதுங்க. நின்னுடுச்சிங்க" என்றார், திரும்பாமல்.

"நின்னுபோச்சுங்க" என்றேன்.

டெம்போ போய்விட்டது. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் மராட்டியில் திட்டினான். அவர் பெடலில் இருந்து காலை எடுக்கவில்லை. குலுங்கிக்கொண்டிருந்த அவர் முதுகில் கையை வைத்து, "மெல்லப் போலாமுங்க" என்றேன்.